ஸ்டெப்னியை இறக்கிவிட்டு வந்தவர்

நம் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்குக் கலோரிக் கணக்கு சொல்லித்தரும் உத்தேசம் எனக்கு இல்லை. நீங்கள் இட்லியைக் கைப்பேசியில் ஒரு படம் பிடித்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறீர்கள். நான் ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருந்து ஓய்வுபெற்றவள். அங்கே எனக்குப் ‘பட்டினி மேடம்’ என்று பெயர். யாராவது வழி கேட்டால் வாட்ச்மேனே, “பட்டினி மேடமா? நேராப் போயி லெஃப்ட்ல திரும்புங்க” என்பார். ஆரம்பத்தில் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இப்போது ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் வீட்டோடு இருக்கும்போது, யாராவது ஒருமுறை அப்படிக் கூப்பிட மாட்டார்களா என்று இருக்கிறது.

பழைய கட்டிடத்தில்தான் என் அறை இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கம்பெனி பஸ்கள் நிற்கும். முதல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் இறங்கும் நேரம் பார்த்து எதிர் டீக்கடையில் போண்டா போடுவார்கள். அந்த வாசனை ஒரு தடங்கலும் இல்லாமல் என் மேஜைக்கு வந்துவிடும். எனக்கே வாய் ஊறும். எதிரில் இருப்பவருக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது அங்கே கண்ணாடிக் கட்டிடம், ஏ.சி. அறை, திறக்க முடியாத ஜன்னல். நல்ல வசதிதான். ஆனாலும் அந்தப் பழைய அறையை நினைத்தால் நெஞ்சு இளகத்தான் செய்கிறது.

அந்த அறையில் ஒரு பெஞ்சு இருந்தது. அது வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த புதிதில் நோயாளிகளுக்கென்று கைப்பிடி வைத்த நாற்காலி இரண்டு போட்டிருந்தார்கள். ஒருநாள் ஒரு பெண்மணி வந்தார். கனத்த உடம்பு. “உக்காருங்கம்மா” என்றேன். “பரவால்ல” என்றார். நான் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டுவிட்டுப் போனார். மரியாதை தெரிந்த அம்மா என்று நினைத்துக்கொண்டேன். மூத்த நர்ஸ் ஒருவர் இதைக் கதவருகில் நின்று பார்த்திருக்கிறார்.  மறுநாள் நான் வரும்போது கைப்பிடி நாற்காலிகளைக் காணோம். அந்த இடத்தில் கேன்டீனிலிருந்து தூக்கிவந்த நீளமான மர பெஞ்சு கிடந்தது. அந்தப் பெண்மணி மட்டும் மறுபடி வரவே இல்லை.

பல வருஷம் கழித்து அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்தான் முனிராஜ். சொந்தமாக ஒரு லாரி வைத்து, தானே ஓட்டியவர். ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றுவார். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் ஏற்றுவார். பேச்சில் கெட்டிக்காரர். அவர் வீட்டில் தெலுங்கு, லோடு பேசுவது கன்னடம், என்னிடம் சண்டை போடுவது தமிழ். பார்டரில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

உடம்பு மிஞ்சிப்போய்விட்டது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார முடியாமல் வண்டிக்கு ஆள் போட்டிருந்தார். அதைவிடப் பெரிய ஆபத்து தூக்கத்தில் இருந்தது. படுத்துக் கொஞ்ச நேரத்தில் அவருக்கு மூச்சு நின்றுவிடும். அவர் மனைவி ரத்னம்மா உலுக்கிப் புரட்டிவிட்டால்தான் ஒரு பெரிய இழுப்போடு திரும்ப வரும். மூச்சுக்கு உதவும் மாஸ்க் மெஷினைக் கொடுத்துப் பார்த்தார்கள். “மூஞ்சி மேல வாளியக் கவுத்தாப்பல இருக்குது” என்று ஓரமாக வைத்துவிட்டார். ஆகவே ரத்னம்மாதான் மெஷின். இரவெல்லாம் கணவரின் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடப்பார். பகலில் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டப் போவார். விரல்களில் முள் கீறல் ஆறியே நான் பார்த்ததில்லை. என் அறையில் உட்கார்ந்தாலும் முனிராஜ் சற்றுப் பேச்சை நிறுத்தினால் போதும், ரத்னம்மாவின் கை தானாக அவர் முதுகுக்குப் போகும்.

இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சைதான் வழி என்று முடிவானது. அதற்குப் பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறை வரும் சர்ஜன், முதலில் ஓரளவு எடையைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லி, இத்தனை கிலோ என்று ஒரு எண்ணையும் குறித்துக் கொடுத்தார். எடையைக் குறைக்கத்தானே ஆபரேஷன், அதற்கு முன்னாலேயே குறை என்றால் என்ன நியாயம்? எல்லோரும் கேட்பார்கள், முனிராஜும் கேட்டார். இவ்வளவு பருமனாக இருப்பவர்களுக்குக் கல்லீரல் கொழுத்துப் போய் இரைப்பையின்மேல் படர்ந்து கிடக்கும். அதை ஒதுக்காமல் கத்தி வைக்க முடியாது. சில வாரம் உணவைக் கட்டுப்படுத்தினால் கல்லீரல் சுருங்கி வழிவிடும். மயக்க மருந்தின் ஆபத்தும் குறையும். எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “எல்லாம் சரி மேடம், மிஷின்ல எத்தினி காட்டணும்? அத்தச் சொல்லுங்க” என்றார். சொன்னேன்.

அதே நாளில்தான் எனக்கு எடை மேடைக் கதையையும் சொன்னார். லோடு கொஞ்சம் கூடிப்போய்விட்டால் எடை மேடைக்கு முன்னால் லாரியை ஓரங்கட்டுவார்களாம். ஸ்டெப்னி டயர், ஜாக்கி, தார்ப்பாய், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் புளியமரத்தடியில் இறக்கிவைப்பார்கள். கிளீனரும் இறங்கி நடந்து வருவான். டீசலைக்கூட அளவாகத்தான் போட்டிருப்பார்கள். “சீட்டு வாங்கினப்புறம் திரும்பி வந்து எல்லாத்தயும் ஏத்திக்குவோம். மேடை இன்னா காட்டுதோ அதான் மேடம் வெயிட்டு” என்று தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சாப்பாட்டு விஷயத்தில் அவர் மோசமில்லை. ரத்னம்மா களி உருண்டையைக் குறைத்தார், சோற்றைக் குறைத்தார், பருப்பையும் கீரையையும் கூட்டினார். ஆனால் நெடுஞ்சாலை பரோட்டாவுக்குப் பழகிய உடம்பு அவ்வளவு சீக்கிரம் பேச்சைக் கேட்காது. முதலில் கொஞ்சம் இறங்கிய எடை அப்புறம் அசையாமல் நின்றுவிட்டது. சர்ஜன் வரும் நாள் நெருங்கியபோது முனிராஜ் என்னைப் பார்க்க வருவதையே நிறுத்திவிட்டார். போன் செய்தால், “நீங்க பாருங்க மேடம், அன்னிக்கி கரெக்டா கொண்டாந்துடுவேன்” என்பார்.

அன்றைக்குக் காலையில் வந்தார். மெஷினில் ஏறினார். சர்ஜன் சொன்ன எடைக்கும் கீழே காட்டியது! வார்டு நர்ஸ்கள் கைதட்டினார்கள். ரத்னம்மா சுவரில் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்தி அழுதார். ஆபரேஷன் தியேட்டர் தயார். மயக்க மருந்து டாக்டரும் பெங்களூரிலிருந்து வந்து காத்திருந்தார். நானும் கைதட்டியவள்தான், மறைக்கவில்லை.

அப்போதுதான் அவர் தலையைப் பார்த்தேன். மழுங்க மொட்டை. மீசையும் இல்லை.

“என்ன முனிராஜ், வேண்டுதலா?”

“ஆமா மேடம்” என்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு வந்தது. உதடு வெடித்திருந்தது. இரவிலிருந்து தண்ணீர் குடிக்கக் கூடாது என்று நர்ஸ்தான் சொல்லியிருந்தார். ஆகவே அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. வழக்கப்படி இடுப்பைச் சுற்றி டேப் வைத்தேன். போன தடவை இருந்த அதே அளவு. டேப்பை இறக்கும்போது கண்ணில் பட்டது: இடுப்பில் வெளுத்த ஒரு கோடு. அரைஞாண் கயிறு இருந்த தடம். கயிற்றைக் காணோம்.

நம் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் அரைஞாணை எப்போது அவிழ்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பழையது இற்றுப்போனால்கூடப் புதிதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை அறுப்பார்கள். உயிரோடு இருக்கிறவர் இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது. முனிராஜ் போட்டிருந்தது வெள்ளி அரைஞாண். மொத்தமே சில கிராம் தேறும். அதையும் கழற்றிவிட்டு வந்திருக்கிறார். மோதிரம் இல்லை, கையில் காப்பு இல்லை, தாயத்து இல்லை, தலையில் முடி இல்லை. 

“முனிராஜ், ஸ்டெப்னிய இறக்கிட்டு வந்திருக்கீங்களா?” என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அது போதுமாக இருந்தது.

சர்ஜன் வராந்தாவில் கையைக் கழுவப் போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய் மறித்தேன். “இன்னிக்கு வேண்டாம் டாக்டர்.”

“டார்கெட்தான் வந்துடுச்சே மேடம்?”

“எடை வந்திருக்கு டாக்டர், இடுப்பு வரலை. இவர் கொழுப்பைக் குறைக்கலை, உடம்புல இருந்த தண்ணியை இறக்கிட்டு வந்திருக்காரு. ரத்தமும் ஸ்கேனும் மறுபடி பாத்துடுங்க.”

அவருக்கு முகம் கடுகடுத்தது. போன வார ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருந்தது என்றார். இருந்தாலும் மறுக்கவில்லை. முடிவு வரும்வரை நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நேரம் வரும், அதற்காகச் சொல்கிறேன்: பயமாகத்தான் இருக்கும். என் கணிப்பு தப்பாக இருந்தால் ஒரு மனிதனுக்குக் கிடைத்த வாய்ப்பை நானே கெடுத்தவள் ஆவேன். அடுத்த தேதி கிடைப்பதற்குள் அவர் தூக்கத்திலேயே போய்விட்டால்? ஒரு மொட்டைத் தலையையும் வெறும் இடுப்பையும் வைத்து இத்தனை பேரை நிறுத்திவைத்திருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ரிப்போர்ட் வந்தது. உடம்பு வறண்டு சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்தது. கல்லீரல் பழையபடியே படர்ந்து கிடந்தது. அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். சர்ஜன் ரிப்போர்ட்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முனிராஜ் அதற்குப் பிறகுதான் உண்மையைச் சொன்னார். முந்தின இரண்டு நாளாகச் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. பேதி மாத்திரை போட்டிருக்கிறார். கிளீனர் சீட்டில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உச்சி வெயிலில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்திருக்கிறார். நல்லவேளை, உயிரோடு இறங்கினார்.

குளுக்கோஸ் ஏறியது. எடையும் பழைய இடத்துக்கு ஏறியது. கூடவே அவருக்குக் கோபமும் ஏறியது.

“நம்பரு கேட்டீங்க. கொண்டாந்து குடுத்தேன். இப்ப நம்பரு வேணாம், லிவரு வேணுங்கறீங்க. ஒரு பேச்சுதான இருக்கணும் மேடம்?”

அவர் கேட்டது நியாயம்தான்.  வாழ்நாள் முழுக்க எடை மேடையோடு மல்லுக்கட்டியவரிடம் நாமும் ஒரு எடை மேடையைத்தான் காட்டியிருக்கிறோம்.

அவரை வீட்டுக்கு அனுப்பும்போது ரத்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவுரு பண்ணது தப்புதான் அக்கா. நீங்க நிறுத்தனதும் சரிதான். ஆனா எனக்கு இன்னா வழி? இன்னிக்கி ராத்திரியும் நான்தான முழிச்சிருக்கணும்? நான் ஒரு நாளு அசந்து தூங்கிட்டா?” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முனிராஜ் திரும்பி வரவில்லை. போனை எடுக்கவில்லை. கைப்பிடி நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுவிட்டுப் போன பெண்மணியின் முகம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. இவரும் அப்படிப் போய்விடக் கூடாது என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டேன். அவர்கள் வீடும் மத்திகிரியில்தான், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. லாரி வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் நின்றிருந்தது. முனிராஜ் வாசலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு ஸ்டூலைக் காலால் நகர்த்தினார். அவ்வளவுதான் வரவேற்பு.

“எடை மெஷினை விடுங்க. அதைப் பத்தி இனிமே நானும் பேசலை, நீங்களும் பேச வேண்டாம். வண்டில ஏறி டிரைவர் சீட்டுல உக்காந்து காட்டுங்க” என்றேன்.

“முடியாதுன்னு தெரிஞ்சிதான கேக்கறீங்க?”

“எவ்வளவு முடியலைன்னு பாக்கணும்.”

ரோஷக்காரர். எழுந்தார். கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்கி, நின்று நின்று ஏறினார். சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் தன்னைத் திணித்தார். வயிறு ஸ்டியரிங் நடுவிலிருந்த ஹாரனை அழுத்தியது. பார்டர் தாண்டிக் கேட்கும் அளவுக்கு ஹாரன் அலற ஆரம்பித்துவிட்டது! அவரால் சட்டென்று பின்வாங்கவும் முடியவில்லை. தெரு நாய்கள் ஓடின. பக்கத்து வீடுகளில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ரத்னம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, அப்புறம் தாங்க முடியாமல் சிரித்தார். இறங்கி வந்த முனிராஜ் வேர்வையைத் துடைத்துக்கொண்டே தானும் சிரித்தார். அன்றைக்குத்தான் எங்களுக்குள் பேச்சு மறுபடி ஆரம்பித்தது.

“இதான் நமக்கு அளவு. ஹாரன் அடிக்காம உக்காரணும்” என்றேன்.

ரத்னம்மா உடனே, “சீட்டப் பின்னால தள்ளி வெச்சிக்குவாரு அக்கா, நம்பாதீங்க” என்றார்.

“எங்க தள்றது? துருப்புடிச்சி நிக்கறது உனக்குத் தெரியாதா?” என்றார் முனிராஜ்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் நான் காபி குடிக்கும்போது இரண்டு தெரு தள்ளி ஹாரன் கேட்கும். முதலில் நீளமாக அலறும். என் வீட்டுக்காரர், “உன் பேஷன்ட் எழுந்தாச்சு” என்பார். நாள் போகப் போக ஹாரன் சுருங்கியது. விட்டு விட்டு அடித்தது. அப்புறம் மூச்சை இழுத்துவிடும்போது மட்டும் லேசாக ஒரு சத்தம். முனிராஜ் என் அறைக்கும் வரத் தொடங்கினார். சாப்பாட்டைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசினார். பரோட்டா தின்ற அன்றைக்குத் தின்றேன் என்றார். நான் திட்டினேன், அவர் கேட்டுக்கொண்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாரன் கேட்கவே இல்லை. காபி ஆறிப்போனது. விட்டுவிட்டாரோ, இல்லை ராத்திரி ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைத்ததும் எனக்குக் காலில் செருப்பு மாட்டக்கூடத் தோன்றவில்லை. வேகமாக நடந்து அந்தத் தெருவில் திரும்பினேன். முனிராஜ் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ரத்னம்மா படியில் தொற்றிக்கொண்டு, ஸ்டியரிங்குக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவில் தன் உள்ளங்கையை நுழைத்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், “கை போவுது அக்கா!” என்று கத்தினார். அவ்வளவு பெரிய சந்தோஷத்தை நான் என் சர்வீஸில் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்த தடவை சர்ஜன் வந்தபோது முனிராஜ் மெஷினில் ஏறிய அழகைச் சொல்ல வேண்டும். தலையில் முடி, முகத்தில் முறுக்கிய மீசை. முழுக்கைச் சட்டை, பெல்ட், காலில் ஷூ. காப்பு, மோதிரம், தாயத்து எல்லாம் இருந்தன. சட்டையைத் தூக்கி அரைஞாணையும் காட்டினார். பாக்கெட்டில் லாரிச் சாவிக்கொத்து. ஒரு கையில் போன். மறுகையில் மூடி திறக்காத, பெரிய தண்ணீர் பாட்டில்.

“ஏன்யா, இதெல்லாம் கீழ வெச்சிட்டு ஏறுங்க” என்றார் நர்ஸ்.

“வேணாம் சிஸ்டர். ஸ்டெப்னியோட ஏத்தறேன். பட்டினி மேடம் பாக்கட்டும்” என்றார்.

அத்தனையும் சேர்த்தே சர்ஜன் சொன்ன எடைக்குள் இருந்தது. நான் மெஷினைப் பார்த்தேன். அப்புறம் டேப்பை எடுத்து இடுப்பையும் பார்த்தேன். ஸ்கேனிலும் கல்லீரல் சுருங்கி வழிவிட்டிருந்தது. அன்றைக்கே ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

பிள்ளைகளே, உங்கள் கைகளில் இப்போது நல்ல மெஷின்கள் இருக்கின்றன. அவை பொய் சொல்வதில்லை. ஆனால் எண்ணை மட்டும் கேட்டால் மனிதர்கள் எப்பாடு பட்டாவது எண்ணைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அதற்காக எதை இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள் என்று பார்ப்பது நம் வேலை. இதை எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து இருவரும் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். முனிராஜ் ஆளே மாறியிருந்தார். வண்டியைத் தானே ஓட்டுவதாகச் சொன்னார். தூக்கத்தில் மூச்சு இப்போது ஒழுங்காக வருகிறது என்று டாக்டரும் எழுதியிருந்தார். நான் ரிப்போர்ட்டுகளைப் படித்து முடித்து நிமிர்ந்து, “என்ன ரத்னம்மா, இப்ப திருப்தியா?” என்று கேட்டேன்.

 ரத்னம்மா அந்த பெஞ்சில், கணவர் பக்கத்திலேயே, சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். பட்டப்பகல். வாய் லேசாகத் திறந்திருந்தது. முள் கீறிய கைகள் மடியில் கிடந்தன. முனிராஜ் பேச்சை நிறுத்தி எவ்வளவு நேரமோ ஆகியிருந்தது. ரத்னம்மாவின் கை அவர் முதுகைத் தேடி வரவில்லை.

“மெதுவா மேடம்” என்றார் முனிராஜ். “இப்பல்லாம் உக்காந்த எடத்துல தூங்கிடறா.”

வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. முனிராஜ் சத்தமில்லாமல் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, மறுபடி ரத்னம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு மிச்சமிருந்த நோயாளிகளை நான் நர்ஸ் அறையில் வைத்துப் பார்த்தேன்.